வடவாற்றை விட்டுவிட்டேன்

"பஸ்ஸுல தூங்கிடாத. பாலத்த எண்ணிக்கிட்டே வா. எறங்குனதும் கேப்பேன்" என்று சித்தப்பா முதல்நாள் இரவே போனில் சொல்லியிருந்தார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரெண்டு லேத் போட்டு ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் வேலை பார்க்கும் பையன்கள் நாலு பேர், நான் முறைத்தால் கொஞ்சம் பயப்படுவார்கள். இந்த வயதில் எனக்குப் பரீட்சை வைக்கிற ஒரே ஆள் சித்தப்பாதான்.

உழவன் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூரில் இறக்கிவிட்டபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. திருவையாறு டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எண்ணினேன். வெண்ணாறு. வெட்டாறு. குடமுருட்டி. கடைசியில் காவிரி. நாலு பாலம். பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடை வாசலில் டிவிஎஸ் ஃபிப்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டு நிற்கிறார்.

"எத்தன?"

"நாலு சித்தப்பா."

"வடவாறு?"

"அது எங்க வந்துச்சு?"

"கரந்தையில. ஊருக்குள்ளயே போவுதுல்ல. வாய்க்கால்னு நெனச்சிருப்ப." அப்புறம் டீக்கடைக்காரரைப் பார்த்து, "ஐயாறுன்னு ஊருக்குப் பேரு வச்சிருக்கான், எங்க அண்ணன் மவன் நாலு ஆறுங்கிறான்" என்றார். உண்மையைச் சொன்னால் வாய்க்கால் என்றுகூட நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் கண்டக்டருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியூர்க்காரர்களுக்கு அந்த வேலையைப் பற்றிச் சொன்னால்தான் புரியும். தலைப்பில், அதாவது ஆறு பிரிகிற இடத்தில், இருக்கும் ஷட்டரை மேலதிகாரி உத்தரவுப்படி ஏற்றுவது, இறக்குவது, கேஜில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுதுவது, திருகுக்கு கிரீஸ் போடுவது, மழைக்காலத்தில் கரையில் உடைப்பு எடுக்கிறதா என்று ராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு நடப்பது. அப்பா எண்பதுகளில் வேலை தேடிச் சென்னைக்கு வந்துவிட்டார். தம்பி ஆற்றோடு இருந்துவிட்டார். வலங்கைமான் பக்கம் குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர், அங்கேதான் வீடு, நாலு மா நிலம். மூணு மா ஒரு ஏக்கர் என்று வைத்துக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். நான் ஊருக்குப் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். ஒரு காரியமும் இல்லாமல் போனது இதுதான் முதல்முறை.

கூப்பிட்டதும் அவர்தான். "கல்லணை தொறந்துட்டாங்க. வர்றதுன்னா இப்ப வா." மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூணு நாள் போல ஆகும். நான் போய் இறங்கியது கல்லணை திறந்து நாலாம் நாள்.

திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையில் போய் நின்றோம். புதுத் தண்ணீர் பால் கம்மியாக ஊற்றிய டீ மாதிரி போய்க்கொண்டிருந்தது. இடுப்புத் தண்ணீரில் நின்ற ஒரு பாட்டி மஞ்சள் துண்டை ஆற்றில் விட்டுவிட்டு, கையால் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். தை மாதம் தியாகராஜர் ஆராதனைக்கு இந்த இடத்தில் நிற்க இடம் கிடைக்காது. அன்றைக்கு நாங்கள் மூணு பேரும் ஒரு நாயும்தான். அப்புறம் சுடச்சுட அசோகா. பாசிப்பருப்பும் நெய்யும் சீனியும் சேர்ந்து நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது. சித்தப்பாவைப் பொறுத்தவரை அது "கெட்டியாப் போன பாயசம்". ஆனால் ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டார்.

கல்லணைக்குப் போகலாமா என்று கேட்டேன். நெல்லும் பூவும் தூவித் திறப்பதை டிவியில் பார்த்திருந்தேன், நேரில் பார்க்கிற ஆசை இருந்தது. "தண்ணிக்குப் பின்னாடி போயி என்ன செய்யப் போற? அதுக்கு முன்னாடி போவோம் வா" என்றார். வேண்டுமானால் கல்லணையை இங்கேயே காட்டுகிறேன் என்று டீக்கடை மேசையில் தண்ணீரைத் தொட்டு விரலால் கோடு போட்டார்.

முக்கொம்பில் காவிரி ரெண்டாகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி. கொள்ளிடம் பள்ளம், நேராகக் கடலுக்குப் போகிற பாதை. காவிரி வண்டல் சேர்ந்து மேடேறிக்கொண்டே வந்தது. விட்டால் தண்ணீரெல்லாம் கொள்ளிடத்துக்கே போய்விடும், இங்கே வயல் காயும். கீழே ரெண்டு ஆறும் மறுபடி நெருங்கி வருகிற இடத்தில், காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிவிடாமல் கரிகாலன் போட்ட கல்தான் கல்லணை. சுமார் 1080 அடி நீளம், மணலுக்குள் பாறையைப் போட்டுப் போட்டு அமிழ்த்தியே கட்டியது. மேலே முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயிலேயே அணை போட்டது காட்டன் துரை, 1836-ல். கல்லணையில் இப்போது நாலு பங்கு: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு. மேட்டூர் அணை 1934-ல் வந்தபோது கூடவே வந்தது புது ஆறு. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலமெல்லாம் அதனால்தான் நெல்லைப் பார்த்தது.

"இதுல திருக்காட்டுப்பள்ளியில காவேரிய ஒடச்சா குடமுருட்டி. தென்பெரம்பூர்ல வெண்ணாத்த ஒடச்சா வெட்டாறு." கோட்டுக்குக் கோடு பிரிந்து மேசை முழுக்க ஈரம். கடைக்காரர் வந்து துணியால் ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டுப் போனார். சோழ நாடு காணாமல் போயிற்று.

வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி என்று போனோம். இந்தப் பாதையில் கொடிக்கால் பார்க்காமல் போகக் கூடாது. அகத்தியை வரிசையாக நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் வெளியே அடிக்கிற வெயில் நிஜம்தானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு குளிர்ச்சி. பச்சை நிறத்தில் வெளிச்சம். கீழே பாத்திகளுக்கு நடுவில் தண்ணீர். இலை கிள்ளிக்கொண்டிருந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, கை ஓடிக்கொண்டே இருந்தது. நூறு இலை ஒரு கவுளி. எண்ணுகிற மாதிரியே தெரியவில்லை, ஆனால் கட்டும்போது சரியாக இருக்கிறதாம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சித்தப்பா அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "அதுக்கு முன்னாடி நாங்க போட்டதுக்குப் பேரு என்னவாம்?" என்றார்.

பாபநாசத்தைத் தாண்டி சுவாமிமலை. முருகன் கோயிலைக் கீழேயிருந்தே கும்பிட்டுவிட்டு, நான் பார்க்க ஆசைப்பட்ட இடத்துக்குப் போனேன். சிலை வார்க்கும் பட்டறை. எனக்குத் தொழில் இரும்பு என்பதால் இங்கேதான் அதிக நேரம் ஆனது.

தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முதலில் மெழுகிலேயே முழு விக்கிரகமும் செய்துவிடுகிறார்கள். அளவுக்கு ஸ்கேல் கிடையாது, வெர்னியர் கிடையாது. தென்னை ஓலையை நறுக்காக எடுத்து, மடித்து மடித்துக் குறி போட்டு, முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று அந்த மடிப்பிலிருந்தே எல்லா அளவும் எடுக்கிறார் ஸ்தபதி. சிலை பெரிதானால் ஓலை நீளும், மடிப்பின் எண்ணிக்கை மாறாது. மெழுகின்மேல் காவிரி வண்டலைக் குழைத்துப் பூசுகிறார்கள். முதல் பூச்சு சந்தனம் மாதிரி மெல்லிசு. நான் தொட்டுப் பார்த்தேன். விரல் ரேகை அப்படியே பதிந்தது. அந்த நைஸ்தான் விஷயம். மெழுகில் நகக்கண் எப்படி இருந்ததோ அப்படியே உலோகத்திலும் வர வேண்டும் என்றால் மண் அந்த அளவுக்கு மாவாக இருக்க வேண்டும். மேலே கனமான மண் போட்டு, கம்பி கட்டி, காயவைத்து, சூடுகாட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் அச்சை உடைக்க வேண்டியதுதான்.

"ஒரு அச்சுக்கு ஒண்ணுதானா? உள்ளே ப்ளோ ஹோல் விழுந்துட்டா?" என்று கேட்டேன். என் பட்டறைக்கு வருகிற வார்ப்புகளில் அந்தக் காற்று ஓட்டைதான் எனக்குத் தினமும் தலைவலி.

"திரும்ப மெழுகுலேருந்துதாங்க ஆரம்பிக்கணும்" என்றார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் என்பது போல.

வெளியே வந்ததும் சித்தப்பா கேட்டார்: "மண்ண மேல பூசுனானே, அது எங்கேருந்து வந்ததுன்னு தெரியுமா? குடகுலேருந்து. அத்தன தூரம் உருண்டு பொடியாயி வந்திருக்கு." எங்கேயோ கரைந்த மலை இங்கே நடராஜருக்கு அச்சாகிறது. ஷட்டருக்கு அடியில் வந்து அடைக்கிற வண்டலை முப்பது வருஷம் திட்டிக்கொண்டே வாரியவர் அவர். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பேசினார்.

கும்பகோணத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். மகாமகக் குளத்தைச் சுற்றி வந்தோம். போன மகாமகம் 2016, அடுத்தது 2028. கும்பேசுவரர் கோயில் வாசலைச் சுற்றிப் பாத்திரக் கடைகளில் பித்தளைக் குடம் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் கீழே வைத்தேன். இட்லிக்குக் கடப்பா சாப்பிட்டேன். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சோம்பு வாசனையோடு குழைந்து, சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் ஒரு தனி ஜாதி. காப்பிதான் ஏமாற்றம். நெடுஞ்சாலையில் மைலுக்கு ஒரு 'கும்பகோணம் டிகிரி காப்பி' போர்டு பார்த்து வளர்ந்த எனக்கு, கும்பகோணத்துக்குள்ளேயே ஒரு கடையில் கிடைத்தது வெறும் சூடான சர்க்கரைத் தண்ணீர். டபரா மட்டும் பளபளவென்று இருந்தது.

ராத்திரி திரும்பும்போது தாராசுரம் காய்கறி மார்க்கெட்டுப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. மூட்டை இறக்குகிறவர்கள், தரையில் சணல் சாக்கு, தூக்கத்தில் டிரைவர்கள். பூம்புகாரில் பகல் சந்தைக்கு நாளங்காடி, இரவுச் சந்தைக்கு அல்லங்காடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. பூம்புகாரைக் கடல் கொண்டதோ என்னவோ, அல்லங்காடி இங்கே முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் நீடாமங்கலம். ரயில்வே கேட் மூடியிருந்தது. வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றுகொண்டே கூட்ஸ் வண்டி போவதைப் பார்த்தோம். இந்தத் தடவை நான் விடவில்லை, எண்ணினேன். நாற்பத்திரண்டு பெட்டி. "ம்" என்றார் சித்தப்பா. அவரிடம் அது பெரிய பாராட்டு.

அங்கேயிருந்து மூணாறு தலைப்பு. வந்தது முழுக்க இதைக் காட்டத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. வெண்ணாறு இங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூணாகிறது. பக்கத்துப் பக்கத்தில் ஷட்டர் வரிசை. தண்ணீர் வந்து மோதி, சுழித்து, எந்தக் கதவு தூக்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. கோரையாறும் பாமணியாறும் தெற்கே போய்க் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் முடிகின்றன. அங்கே இருக்கிற கடைமடைக்காரன் நடவு நடுவானா இல்லையா என்பதை இங்கே நிற்கிற ஒரு இரும்புத் திருகு தீர்மானிக்கிறது.

நான் திருகைத்தான் பார்த்தேன். சதுர மரை, கனமான தண்டு, கிரீஸில் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. என் லேத்தில் இதைப் போடச் சொன்னால் ஒரு வாரம் ஆகும். சித்தப்பா இதை எத்தனை ஆயிரம் தடவை சுற்றியிருப்பார்! சுற்றுகளை எண்ணிக்கொண்டேதான் திருகுவாராம், ராத்திரியில் கேஜ் தெரியாவிட்டாலும் கணக்கு தப்பாது. எண்ணுகிற பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன்.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அவருடைய சித்தாந்தத்தைச் சொன்னார். எங்கே ஆற்றைப் பிரிக்கிறார்களோ அங்கே ஒரு கடைத்தெரு வரும். தண்ணீர் கேட்டு நாலு ஊர்க்காரன் வந்து நிற்பான், நின்றவன் டீ குடிப்பான், உப்பு புளி வாங்குவான், மாட்டுக்குக் கயிறு வாங்குவான். கரைதான் பாதை. ரெண்டு கரை சேருகிற இடத்தில் வண்டி நிற்கும், வண்டி நின்றால் வியாபாரம். திருக்காட்டுப்பள்ளியைப் பார், நீடாமங்கலத்தைப் பார்.

"கும்பகோணத்துல எந்த ஆறு பிரியுது? அது கோயிலால வளந்த ஊரு சித்தப்பா" என்றேன்.

"வடக்க காவேரி, தெக்க அரசலாறு. அரசலாறு எங்கேருந்து வந்துச்சு? மேல காவேரியிலேருந்து பிரிஞ்சு வந்ததுதான். ரெண்டு ஆத்துக்கு நடுவுல ஊர வச்சான், அப்பறம் கோயிலக் கட்டுனான்." எனக்கு முழுச் சம்மதம் இல்லை. கோயில் இல்லாவிட்டால் பாத்திரமும் வெற்றிலையும் யாருக்கு விற்கும்? ஆனால் அந்த இடத்தில், அவருடைய ஷட்டர்மேல் உட்கார்ந்துகொண்டு, மேற்கொண்டு வாதாடவில்லை.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்துப் பழைய அணையில் ஒன்பது ஷட்டர் வெள்ளத்தோடு போனதே, காட்டன் காலத்து அணை, அதை அவர் வீட்டு டிவியில் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை என்று சித்திதான் எனக்குச் சொன்னார்.

மன்னார்குடிக்குப் போனோம். 'மன்னார்குடி மதிலழகு' என்பார்கள், மதில் அழகுதான். என்னை நிற்கவைத்தது ஹரித்ரா நதி. பேர்தான் நதி, குளம். 23 ஏக்கர். நடுவில் ஒரு கோயில். பந்தலடியில் நன்னாரி சர்பத் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

நாச்சியார்கோயிலுக்கு மூன்றாம் நாள் காலையில் சித்தியோடு பஸ்ஸில் போனேன். என் மனைவி குத்துவிளக்கு கேட்டிருந்தாள். அடிப்பாகம், தண்டு, அகல், மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை போட்டுத் திருகிச் சேர்க்கிறார்கள். நான் கடைக்காரர் முன்னாலேயே கழற்றி மரையைப் பார்த்தேன். சித்திக்கு வெட்கமாகப் போய்விட்டது. "விக்கிறவங்கள நம்பாம இதென்னடா தம்பி பழக்கம்" என்றார். சரி என்று ரெண்டாவது தண்டைக் கழற்றிப் பார்க்காமல் வாங்கி வந்தேன். சென்னையில் வந்து பூட்டினால் அந்த இடத்தில்தான் லேசாக ஆடுகிறது. கடைசியில் என் லேத்தில் வைத்து, முகத்தை ஒரு நூல் சீவி ஃபேசிங் எடுத்தேன். இப்போது நேராக நிற்கிறது. சித்தியிடம் இதுவரை சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்தான் எங்கள் ஊர் வாய்க்காலுக்குக் குடமுருட்டியிலிருந்து கதவு தூக்கினார்கள். சுற்றிலும் போர் செட் வைத்திருக்கிறவர்கள் ஏற்கெனவே நாற்றங்கால் விட்டிருந்தார்கள், திட்டுத் திட்டாகப் பச்சை. சித்தப்பா ஆற்றுத் தண்ணீரை நம்புகிறவர். நூற்றுப் பத்து நாள் பயிரான ஆடுதுறை 36 விதை, மூட்டையில் தயாராக வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தது. குறுவை பிந்தினால் அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நாளும் கணக்குதான்.

சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தோம். வாய்க்கால் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நிலா இல்லை. ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வேலை போய்ப் பல வருஷம் ஆகியும் இந்த மனிதர் ஏன் இன்னும் கண் விழிக்கிறார் என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

முதலில் வாசனைதான் வந்தது, கோடை மழையின் முதல் தூறலுக்கு வருமே, அது. அப்புறம் சித்தப்பா டார்ச்சைத் தரையில் அடித்தார். எறும்புகள் வரிசையாகக் கரை ஏறிக்கொண்டிருந்தன, சில வெள்ளையாக முட்டைகளைத் தூக்கிக்கொண்டு. தத்துக்கிளிகள் குதித்தன. சருகு நகரும் சத்தம். டார்ச்சை மேற்கே திருப்பினார். தண்ணீர் வருகிறது என்றால் நான் அலையை எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு நாக்கு. முன்னால் நுரை, சருகு, ஒரு ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில். ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, களக் களக் என்று குமிழி விட்டு, நிரப்பி, நின்று, அப்புறம் அடுத்த வெடிப்பு. குழந்தை நடை. நாங்கள் எழுந்து அதன் கூடவே கரையில் நடந்தோம், பல இடத்தில் அதற்காக நாங்கள் நிற்க வேண்டியிருந்தது.

எங்கள் மடையைத் தாண்டியது. சித்தப்பா குனிந்து உள்ளங்கையை நனைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்துக் கீழூர்க்காரர் யாரையோ கூப்பிட்டார்.

"தாண்டிட்டுய்யா. ஒங்க பாலத்துக்கிட்ட வர ஒன்றர மணி நேரம் ஆவும். தூங்கிடாத."